ஏரிக்கரையில் தனி ஆளாகப் பறவை பார்க்க: முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

மார்கழி மாதம், காலை ஏழு மணி. மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன ஏரி. மதகுக் கல்லின் மேல் சிறுமீன்கொத்தி ஒன்று உட்கார்ந்து, பிடித்த மீனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. மீனின் செதில் வெயிலில் மின்னுவதுவரை பைனாகுலரில் தெரிந்தது. பின்னால் வயல் பக்கமிருந்து ஆள்காட்டிப் பறவை ஒன்று விடாமல் கத்தியது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. மீன்கொத்தி மீனை விழுங்கிப் பறந்த பிறகுதான் திரும்பினேன். பத்தடி தள்ளி இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னாம்மா பாக்குற அப்படி?"

வலை போட வந்தவர்கள். நல்ல மனிதர்கள். இரண்டு நாளாகக் கூழைக்கடா எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் எவ்வளவு நேரமாக என் பின்னால் நின்றிருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று வந்தவர்கள் அவர்களாக இல்லாமல் வேறு யாராவது என்றால்? வீடு திரும்பும் வழியெல்லாம் இதே யோசனைதான்.

தனியாக வெளியே போகிற எல்லோருக்கும் ஆபத்து உண்டு. பறவை பார்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: இரண்டு கண்ணையும் நூறு மீட்டர் தள்ளி அனுப்பிவிட்டு, உடம்பை இங்கே காவலில்லாமல் விட்டுவிடுகிறோம். பாம்பு, பள்ளம், நாய், ஆள் எல்லாமே அந்த நேரம் பார்த்துத்தான் கிட்டே வரும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் காவலில்லாத நேரத்தைக் குறைக்கிற வழிகள். எனக்குப் பழக்கமான செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. இடத்தை முதலில் முடிவு பண்ணுங்கள்

தனியாகப் போகும் இடத்தைப் பறவையை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா என்று பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேடந்தாங்கல், கரிக்கிலி, திருநெல்வேலிப் பக்கம் என்றால் கூந்தன்குளம் மாதிரியான சரணாலயங்கள் நல்லவை. நவம்பர் முதல் மார்ச் வரையான பருவத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். வேடந்தாங்கலில் கரை ஓரமாகப் பாதை இருக்கிறது, வனத்துறை ஆட்களும் இருப்பார்கள். சென்னையில் இருப்பவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சாலை ஓரத்திலிருந்தே பார்க்கலாம். நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும் பார்க்க உள்ளே இறங்க வேண்டியதே இல்லை.

அடுத்தது ஊர் ஏரிகள். இதில் ஊரை ஒட்டிய கரை, ஊருக்கு எதிர்ப்பக்கக் கரை என்று இரண்டு உண்டு. தனியாகப் போனால் ஊரை ஒட்டிய கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள், வயலுக்குப் போகிறவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பீர்கள். எதிர்ப்பக்கத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். அங்கே பறவை அதிகம் என்பது உண்மைதான். துணைக்கு ஆள் கிடைக்கும் நாளில் அந்தப் பக்கம் போய்க்கொள்ளலாம்.

காட்டுக்குத் தனியாகப் போகவே வேண்டாம். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை ஆகிய ஐந்தும் புலிகள் காப்பகங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே நடப்பது சட்டப்படி குற்றம். காப்பகத்துக்கு வெளியே இருக்கிற தேயிலைத் தோட்டம்தானே என்றும் நினைக்க வேண்டாம். வால்பாறையில் யானை நிற்கும் இடத்தை மக்களுக்குத் தெரிவிக்கக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள் என்றால், பிறந்து வளர்ந்தவர்களுக்கே அங்கே எவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறது என்று பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் கரடி, கொடைக்கானல் பக்கம் காட்டெருமை. மலையில் சோலைப் பறவை பார்க்க ஆசையிருந்தால் ஊர்க்காரர் ஒருவரை, முடிந்தால் வனத்துறை அனுமதியுள்ள வழிகாட்டியை, கூட்டிப் போங்கள். அந்தக் காசு வீண் செலவு இல்லை.

இன்னொன்று. கல்பாக்கம் அணுமின் நிலையம், பழவேற்காட்டை அடுத்த ஸ்ரீஹரிகோட்டா, துறைமுகம், விமான தளம், ராணுவ இடங்கள் பக்கம் பைனாகுலரையும் பெரிய லென்ஸையும் தூக்க வேண்டாம். பூநாரைதான் பார்த்தேன் என்று அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் பாதி நாள் போய்விடும். அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

2. முதல் தடவை தனியாகப் போகாதீர்கள்

புது ஏரி என்றால் முதல் தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் போங்கள். அன்றைக்குப் பறவைப் பட்டியல் முக்கியமில்லை. கரையில் வண்டி எதுவரை போகும், எந்த இடத்தில் போனில் சிக்னல் போகிறது, மதகு எங்கே, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் எங்கே, தரையோடு தரையாகச் சுவரில்லாத கிணறு இருக்கிறதா, காலி பாட்டில்கள் எங்கே குவிந்து கிடக்கின்றன என்று பார்த்து வையுங்கள். பாட்டில் குவியல் இருக்கும் மரத்தடியில் சாயங்காலம் யார் இருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அந்தப் பக்கத்துக்குக் காலை மட்டும்தான் என்று முடிவு பண்ணிவிடலாம்.

துணைக்கு ஆள் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி: ஒவ்வொரு ஜனவரியும் பொங்கலை ஒட்டித் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். அதில் கலந்துகொண்டால் உங்கள் மாவட்டத்தில் யார் யார் பறவை பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு ஏரிகளைக் காட்டியவர்கள் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

3. சொல்லிவிட்டுப் போங்கள், சரியாகச் சொல்லுங்கள்

"ஏரிக்குப் போயிட்டு வரேன்" என்பது சொன்னதாகாது. தேடி வருகிறவருக்கு எது தேவையோ அதைச் சொல்ல வேண்டும். நான் என் தங்கைக்கு அனுப்புகிற செய்தி இப்படித்தான் இருக்கும்:

"ஊர்ப் பக்கக் கரைல இருந்து ரெண்டாவது மதகு வரைக்கும்தான் போவேன். வண்டி பிள்ளையார் கோயில் கிட்ட. பச்சை சட்டை, கருப்புப் பை. 9:30க்குள்ள போன் பண்றேன். பண்ணலன்னா நீ கூப்பிடு. 10 மணிக்கும் எடுக்கலன்னா டீக்கடை அண்ணனுக்குப் போடு, நம்பர் கீழ இருக்கு. அவரும் தேடிப் பாத்து காணோம்னா 112."

கூடவே ஏரியின் வரைபட இணைப்பு. இதில் உயிர்நாடி கடைசி இரண்டு வரிதான். நேரம் தாண்டினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், வீட்டில் இருப்பவர் "தொந்தரவு பண்ண வேண்டாமே" என்று தயங்கி உட்கார்ந்திருக்க மாட்டார். நீங்களும் ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். எவ்வளவு அருமையான பறவை கண்ணில் பட்டாலும் 9:30க்குப் போன் பண்ணியே ஆக வேண்டும். இரண்டு தடவை மறந்துவிட்டால் மூன்றாவது தடவை யாரும் பதற மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். 8 மணி நேரத்தைப் போட்டுவிடுங்கள். ஆனால் சிக்னல் போனால் அதுவும் நின்றுவிடும், எழுதி அனுப்பிய செய்தி நிற்காது.

போனில் 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸுக்கு, 181 பெண்களுக்கான உதவிக்கு. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. உங்கள் போனில் எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்பதை அமைப்புகளில் பார்த்து விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

எங்கே இருக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் அந்த நேரத்திலேயே அறிவிக்க வேண்டாம். பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்றுவது, ஸ்டேட்டஸில் படம் போடுவது எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. வாரம் தவறாமல் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே மரத்தடி என்ற வழக்கத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

4. பை, உடை

சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் ஒன்றரை லிட்டராவது. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. விசில். முழுச் சார்ஜ் போட்ட போன், பவர் பேங்க். சின்ன டார்ச். நீளமான துணிக்கட்டு, பஞ்சு, சோப்புத் துண்டு. ஒரு காகிதத்தில் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டு எண். பணம் கொஞ்சம். கணுக்காலை மூடும் ஷூ, முழுக் கால்சட்டை, முழுக்கை. வாசனைத் திரவியம் வேண்டாம், தேனீக்காகத்தான்.

விசிலைப் பைக்குள் போடாதீர்கள். பைனாகுலர் வாரிலேயே கட்டிவிடுங்கள். விழுந்து கிடக்கும்போது பையைத் திறக்க முடியாமல் போகலாம். போனும் அப்படித்தான், உடம்போடு இருக்கட்டும்.

கேமராவையும் லென்ஸையும் ஊருக்குள் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டாம். கரைக்கு வந்த பிறகு எடுங்கள். யாராவது பறிக்க வந்தால் கொடுத்துவிடுங்கள். கேமராவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

5. ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை டீ குடிப்பது

ஏரிக்குப் போகும் வழியில் கடைசியாக இருக்கிற டீக்கடையில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு டீ சொல்லுங்கள். கடைக்காரரிடம் நீங்களாகவே ஆரம்பியுங்கள்: "அண்ணா, ஏரிக்குக் குருவி பாக்க வந்திருக்கேன், கரையில தண்ணி எவ்ளோ இருக்கு?" இந்த ஒரு கேள்வியில் மூன்று காரியம் முடிகிறது. நீங்கள் வந்திருப்பது ஊருக்குத் தெரிகிறது. எதற்கு வந்தீர்கள் என்ற சந்தேகம் போகிறது. ஏரியின் இன்றைய நிலவரமும் கிடைக்கிறது. "நேத்து அந்தப் பக்கம் பெரிய பாம்பு கிடந்துச்சு", "மதகு கிட்ட கரை ஈரமா இருக்கு, அங்க ஏறாதீங்க" என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வட மாவட்டங்கள் முழுக்கப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடக் காரில் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்து ஊர் திரண்டு அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தே போனார். முன்பின் தெரியாத ஆள், கையில் என்னவென்று தெரியாத கருவி, ஊர் ஓரத்தில் மணிக்கணக்காக நிற்கிறார் என்றால் ஊர்க்காரர்களுக்கு எப்படித் தோன்றும் என்று அவர்கள் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டால், பெரியவர் யாராவது பார்க்கும்படியான இடத்தில் நின்று பைனாகுலரைக் காட்டுங்கள்.

பறவையைக் காட்டினால் சந்தேகம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் பைனாகுலரில் மடையான் கொக்கைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா கூடவே இருக்கேன், இதுக்குக் கண்ணு மஞ்சள்னு இன்னிக்கித்தான் தெரியுது" என்றார். அப்புறம் நான் எப்போது போனாலும் அந்தக் கரையில் அவர் கண் என் மேல் இருக்கும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓர் ஊரின் உறவு கிடைத்தால் தனியாகப் போகிறவருக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை.

வண்டியைக் கிளம்பும் திசை பார்த்து நிறுத்துங்கள். சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்.

6. பைனாகுலரைத் தூக்குவதற்கு முன்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் ஏறியதும் முதல் பார்வை பறவைக்கு இல்லை. பைனாகுலரை எடுத்து நீங்கள் நடக்கப்போகும் கரையை முழுசாக ஒரு தடவை அலசுங்கள். யார் இருக்கிறார்கள், நாய்க்கூட்டம் இருக்கிறதா, எருமை கன்றோடு நிற்கிறதா, பனைமர உச்சியிலும் பாலத்துக்கு அடியிலும் கதண்டு என்கிற பெரிய குளவியின் கூடோ மலைத்தேனீ அடையோ தொங்குகிறதா என்று பாருங்கள். நம் கையில் இருப்பது தூரத்தைக் கிட்டே கொண்டுவருகிற கருவி. அதை நம் பாதுகாப்புக்கு நாமே பயன்படுத்தாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

அடுத்து, நடந்தால் பார்க்காதீர்கள், பார்த்தால் நடக்காதீர்கள். பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது கால் ஒரு அடிகூட நகரக் கூடாது. பறவை பறந்துபோனால் போகட்டும். பைனாகுலரை இறக்கி, தரையைப் பார்த்து, நாலு அடி வைத்து, நின்று, மறுபடி தூக்குங்கள். ஒவ்வொரு தடவை தூக்கும் முன்பும் காலடியில் ஒரு பார்வை, முதுகுப் பக்கம் ஒரு பார்வை. மனசுக்குள் இருபது எண்ணுங்கள். இருபது ஆனதும் இறக்கிச் சுற்றிலும் பாருங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒரு மாதத்தில் தானாக வரும். கேமரா இன்னும் மோசம், ஒரு பறக்கும் படத்துக்காகப் பத்து நிமிடம் உள்ளேயே மூழ்கிவிடுவோம். நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் மதகுச் சுவரோ பெரிய மரமோ இருக்கும்படி நில்லுங்கள். பின்னாலிருந்து வரும் வழி ஒன்று குறையும், நம் உருவமும் பறவைக்குத் தனியாகத் தெரியாது.

காதில் எதையும் மாட்டாதீர்கள். பறவைக்குரல் ஒலிப்பதிவு கேட்க வேண்டுமானால் வீட்டில் கேளுங்கள். கரையில் உங்களுக்காக ஏற்கெனவே காவல் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆள்காட்டிக்கு நம் முன்னோர்கள் சும்மாவா அந்தப் பெயர் வைத்தார்கள்? வயலிலோ கரைச் சரிவிலோ யாராவது நடந்தால், நாய் ஓடினால், அது எழும்பிக் கத்திச் சுற்றும். நீங்கள் அசையாமல் நிற்கும்போது அது உங்களுக்குப் பழகி அடங்கிவிடும். அதற்குப் பிறகு கத்தினால் வேறு எதையோ பார்த்துவிட்டது என்று அர்த்தம். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு புதரைச் சுற்றி வந்து, இறக்கையை அடித்துக்கொண்டு, கீழே பார்த்துக் கூச்சலிட்டால் அங்கே பாம்போ கீரியோ பூனையோ இருக்கலாம். மைனாக்களும் இதைச் செய்யும். அந்தப் புதர்ப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள். அன்று மதகில் நான் செய்த தவறு இதுதான். ஆள்காட்டி என்னிடம் சொல்லியும் நான் கேட்கவில்லை.

7. மனிதர்கள்

பெரும்பாலானவர்கள் வெறும் ஆர்வத்தில்தான் வருவார்கள். வருகிறவரை நீங்களே முதலில் பார்த்து, முதலில் பேசிவிடுங்கள். "வணக்கம் ஐயா, இந்த ஏரில நாரை எப்ப வரும்?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் பேச்சு எங்கே போக வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

"தனியாவா வந்தீங்க?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லாதீர்கள். "இல்ல, கூட வந்தவங்க அந்த மதகு கிட்ட நிக்கிறாங்க, இப்ப வருவாங்க" என்று சொல்லுங்கள். இந்தப் பொய்யில் தப்பே இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு, அடுத்த வாரம் வருவீர்களா என்று கேள்வி நீண்டால் கிளம்புகிற நேரம் வந்துவிட்டது. போனை எடுத்து, சத்தமாக, "ஆங், நான் கரை மேலதான் நிக்கிறேன், வாங்க" என்று பேசியபடியே ஊர்ப் பக்கம் நடங்கள். எதிரே யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

குடித்திருப்பவர்கள், சீட்டாடுபவர்கள், நேரம் கெட்ட நேரத்தில் மண் அள்ளுபவர்கள், பறவைக்குக் கண்ணி வைப்பவர்கள் கண்ணில் பட்டால் படம் எடுக்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். மடையானைக் கண்ணியில் பார்க்கும்போது வயிறு எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது. ஆனால் தனி ஆளாக நின்று சண்டை போடும் இடம் அது இல்லை. நேரமும் இடமும் குறித்துக்கொண்டு வந்து, ஊர் தாண்டிய பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு ஏரிக்கரைல என்ன வேலை" என்று வீட்டிலும் கேட்பார்கள், கரையிலும் கேட்பார்கள். பறவை பார்ப்பது நம் உரிமை, அதற்காகப் போக வேண்டியதுதான். அதே சமயம் அடிவயிற்றில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கிளம்பிவிடுங்கள். யாரிடமும் மரியாதைக்காக நின்று பேச வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கழிப்பறைத் தேவையை வழியில் பெட்ரோல் பங்கிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது வெயிலில் மயக்கத்தில் கொண்டுவிடும்.

நேரம்: வெளிச்சம் வந்த பிறகு கரை ஏறுங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். ஆந்தையும் பக்கிக் குருவியும் பார்க்க இரவில் தனியாகப் போகவே கூடாது.

8. காலடியில் இருப்பவை

*சேறும் பள்ளமும்.* ஏரிக்குள் இறங்காதீர்கள். கோடையில் மண் எடுத்த குழிகள் மழைக்குப் பிறகு தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும், அடுத்த அடியில் ஆளையே முழுக்கும். காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும் சேறும் அப்படித்தான், மேலே ஓடு, கீழே களி. ஒரு உள்ளான் குருவியைத் தேடிப் போய் முழங்கால்வரை நான் மாட்டியிருக்கிறேன். இழுக்க இழுக்க இன்னொரு கால் இறங்கியது. அப்படி மாட்டினால் நேராக இழுக்காதீர்கள். பையைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்புங்கள். புதைந்த காலை மெதுவாக வட்டமாக ஆட்டினால் இடைவெளியில் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். ஷூ போனால் போகட்டும். வெளியே வந்ததும் எழுந்து நிற்காமல் தவழ்ந்தே வாருங்கள்.

*பாம்பு.* நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கும்தான் நம் பக்கம் பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணம். கரையில் புல் மூடிய இடத்தில் கால் வைக்காதீர்கள், மதகுக் கல் இடுக்கில் கை வைக்காதீர்கள். உட்காரும் முன் குச்சியால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடவும் வேண்டாம். அந்த இடத்தை விட்டுத் தள்ளி வந்து உட்காருங்கள். மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு கழறாது. 108க்குப் போன், அடுத்து டீக்கடைக்குப் போன், அப்புறம் விசில். அவர் பைக்கில் வந்து சேர்வது பல நேரம் ஆம்புலன்ஸுக்கு முன்பாகவே இருக்கும். கடிபட்ட காலை எலும்பு முறிந்த கால் மாதிரி அசைக்காமல் வையுங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், பாதி வழியில் கண் இமை சொருகி விழலாம். யாருமே வரவில்லை, நடந்தே ஆக வேண்டும் என்றால் ஓடாமல் மெதுவாக நடங்கள். போகும் இடம் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை, மந்திரிப்பவர் வீடு இல்லை. உங்கள் ஏரிக்குப் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

*கதண்டு, மலைத்தேனீ.* கூட்டைக் கண்டால் விலகிப் போங்கள், கல் எறிபவர்கள் பக்கத்திலும் நிற்காதீர்கள். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், காருக்குள்ளோ வீட்டுக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம். நிறையக் கொட்டியிருந்தால், அல்லது மூச்சு முட்டினால், உடனே மருத்துவமனை.

*நாய்.* ஓடாதீர்கள். நின்று, கண்ணைப் பார்க்காமல், கேமரா முக்காலியையோ பையையோ நடுவில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நகருங்கள். குனிந்து கல் எடுப்பது போலச் செய்தாலே ஊர் நாய்கள் பெரும்பாலும் விலகும். குப்பைமேட்டுக் கூட்டத்திடம் இது எடுபடாது, அந்த வழியையே விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ, சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

*இடி மின்னல்.* பறவைப் பருவம் தொடங்குவதே வடகிழக்குப் பருவமழையோடுதான். கரை மேல் நிற்கும்போது சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் முக்காலியும்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் உடனே இறங்குங்கள். பனைமரத்தடியும், திறந்த பார்வைக் கோபுரமும், தகரக் கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. மூடிய காரோ கட்டடமோ வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப ஏற வேண்டும். புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி அருகில் மின்னல் விழுவதைச் சொல்லும்.

9. திரும்பி வந்த பிறகு

வண்டியில் ஏறியதும் ஒரு போன், டீக்கடை அண்ணனுக்கு ஒரு "போயிட்டு வரேன்". தேட வேண்டியவர்களுக்கு இனிமேல் தேட வேண்டாம் என்று தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உடைகளைத் தனியாக வெந்நீரில் ஊற வைத்துவிட்டு நன்றாகச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அக்குள், இடுப்பு, முழங்கால் பின்புறம், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்பாக ஒரு புண் வரலாம், வலிக்காது. ஏரிக்குப் போய் வந்து மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "இன்ன தேதியில் புதருக்குள் போனேன், சேற்றுத் தண்ணீரில் கால் வைத்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும். இ-பேர்டில் பட்டியல் ஏற்றியிருப்பீர்களே, தேதியும் இடமும் அதிலேயே இருக்கும்.